அசல் ஃபூ, நகல் சூ!

குழந்தைகளே! உங்கள் பள்ளிக்கு எப்போதாவது மேஜிக் நிபுணர் வந்து நிகழ்ச்சி நடத்தியிருக்கிறாரா? முதலில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். எதுவும் இருக்காது. அடுத்த நொடியே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனின் காதிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுப்பார். நீங்கள் எல்லோரும் 'ஓ' என்று கத்துவீர்கள். காதில் நாணயம் காய்க்காது என்று உங்களுக்குத் தெரியும். அவர் நம்மை ஏமாற்றுகிறார் என்றும் தெரியும். இருந்தாலும் கோபம் வருவதில்லை. கை வலிக்கும் வரை தட்டுகிறோம். ஏன்?

அது நாம் சம்மதித்து ஏமாறும் ஏமாற்று! 'உங்களை ஏமாற்றப் போகிறேன், முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டே அவர் மேடை ஏறுகிறார். அதனால்தான் அது கலை.

ஆனால், மேடையை விட்டு இறங்கிய பிறகும் ஒருவர் ஏமாற்றிக்கொண்டே இருந்தால்? அதுவும் பதினெட்டு ஆண்டுகள்! அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சினிமா.

'பிரஸ்டீஜ்' என்றால் குக்கர் இல்லை!

2006-ஆம் ஆண்டு 'தி பிரஸ்டீஜ்' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. கிறிஸ்டோபர் பிரீஸ்ட் என்ற எழுத்தாளர் 1995-இல் எழுதிய நாவலைப் படமாக எடுத்தவர் கிறிஸ்டோபர் நோலன். ஹ்யூ ஜாக்மன், கிறிஸ்டியன் பேல் இருவரும் போட்டி போடும் மேஜிக் நிபுணர்களாக நடித்தார்கள்.

பிரஸ்டீஜ் என்றதும் உங்களுக்குச் சமையலறை ஞாபகம் வருகிறதா? எனக்கும் அப்படித்தான் வந்தது. இன்று அந்தச் சொல்லுக்கு மதிப்பு, கௌரவம் என்று பொருள். ஆனால் பழைய காலத்தில் அதற்குக் கண்கட்டு வித்தை என்றுதான் பொருள். எவ்வளவு தூரம் மாறிவிட்டது பாருங்கள்!

படத்தில் ஒரு பெரியவர் சொல்லுவார், ஒவ்வொரு வித்தைக்கும் மூன்று பகுதிகள் உண்டு என்று. முதலில், சாதாரணப் பொருள் ஒன்றை நமக்குக் காட்டுவது. இரண்டாவது, அதை வைத்து வியப்பான ஒன்றைச் செய்வது. உதாரணமாக, அதை மறைய வைப்பது. மூன்றாவது, மறைந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. அந்த மூன்றாவது பகுதிக்குத்தான் அந்தப் படத்தில் 'பிரஸ்டீஜ்' என்று பெயர்.

லண்டன் நகரில் இரண்டு இளைஞர்கள் ஒன்றாகத் தொழில் கற்கிறார்கள். மேடையில் நடந்த ஒரு விபத்தால் பகைவர்கள் ஆகிறார்கள். ஒருவர் வித்தையை மற்றவர் கெடுக்கிறார். ஒருவர் ரகசியத்தை மற்றவர் திருடப் பார்க்கிறார். கடைசியில் என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் படம் பார்க்கும்போது சுவை போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பயமுறுத்தும் காட்சிகள் அதில் உண்டு. அதனால் சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் அப்பா, அம்மாவிடம் கேட்டு, அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. வயதான சீன மேஜிக் நிபுணர் ஒருவர் மேடைக்கு வருகிறார். நடக்கவே சிரமப்படுகிறார். துணி ஒன்றை விரித்து உதறி, அதற்குள்ளிருந்து தண்ணீரும் மீனும் நிறைந்த பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்கிறார். எல்லோரும் திகைக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து, அதே தள்ளாட்டத்தோடு அவர் வண்டியில் ஏறுவதை இரண்டு இளைஞர்களும் வெளியே நின்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. கிண்ணம் வெளியே வரும்வரை அது கிழவரின் நீண்ட அங்கிக்குள், கால்களுக்கு இடையில்தான் இருக்கிறது! மேடையில் தத்தித் தத்தி நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? அதற்காக அவர் வெளியிலும், வாழ்நாள் முழுவதும், தள்ளாடும் கிழவராகவே நடிக்கிறாராம்.

படத்தில் அந்தக் கிழவரின் பெயர் சுங் லிங் சூ. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு மேஜிக் நிபுணர் லண்டனில் இருந்தார். படத்தில் அவரைச் சீனராகவே காட்டியிருக்கிறார்கள். ஆனால் உண்மையான சுங் லிங் சூ சீனரே அல்ல! அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்காரர்!

அசல் சீனர்

இந்தக் கதையில் இரண்டு பேர் வருவார்கள். பெயர்கள் ஒன்று போலவே இருப்பதால் குழப்பம் வரும். அதனால் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். 'ஃபூ அசல், சூ நகல்.' இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அசலைப் பார்ப்போம். ஜூ லியான்குயி என்பவர் 1854-இல் சீனாவில் பிறந்தார். அந்த நாட்டின் பழைமையான வித்தைகளைக் கற்றுத் தேர்ந்தார். மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் சிங் லிங் ஃபூ. 1898-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் வித்தை காட்டத் தன் குழுவினருடன் ஃபூ கப்பல் ஏறினார்.

அவர் வாயிலிருந்து புகையும் நெருப்பும் வரும். வண்ண வண்ண ரிப்பன்கள் முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலானது அவருடைய கிண்ண வித்தை. வெறும் துணியை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவார். அதைத் தரையில் விரிப்பார். எடுத்தால், விளிம்பு வரை தண்ணீர் தளும்பும் பெரிய கிண்ணம் இருக்கும்! அதோடு விட மாட்டார். அடுத்து ஒரு சின்னக் குழந்தையும் வெளியே வரும்! அமெரிக்கர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சீனத் தொழிலாளர்கள் தங்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா 1882-இல் சட்டம் போட்டிருந்தது. கண்காட்சிக்காக வந்த ஃபூவின் குழுவினர், தொடர்ந்து தங்கி நிகழ்ச்சி நடத்தப் போராட வேண்டியிருந்தது. சீனர்களின் வித்தையை ரசித்த ஊரில், சீனர்கள் தங்குவதற்கு இடைஞ்சல்! இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

திரைக்குப் பின்னால் ஒருவர்

அப்போது அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்று ஒருவர் இருந்தார். 1861-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹாரி கெல்லர், அலெக்சாண்டர் ஹெர்மன் ஆகியோர் அன்று அமெரிக்காவில் மிகப் பெரிய மேஜிக் நிபுணர்கள். இருவரிடமும் ராபின்சன் உதவியாளராக இருந்தார். கருவிகளை வடிவமைப்பார், பழுது பார்ப்பார், புதுப்புது யோசனைகள் சொல்வார். மேஜிக் உலகில் அவருக்குத் தெரியாத ரகசியம் இல்லை என்றே சொல்லலாம்.

அவர் செய்த வித்தைகளில் ஒன்று 'கறுப்புக் கலை'. மேடை முழுவதும் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிடுவார்கள். தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிந்த உதவியாளர் அங்கே நிற்பார். கறுப்பின் முன்னே கறுப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அவர் ஒரு வெள்ளை ஜாடியைத் தூக்கினால், ஜாடி தானாகக் காற்றில் மிதப்பது போலத் தோன்றும். எவ்வளவு எளிய அறிவியல் பாருங்கள்!

இவ்வளவு திறமை இருந்தும் ராபின்சனுக்கு ஒரு குறை. மேடையில் கலகலப்பாகப் பேச அவருக்கு வரவில்லை. மேஜிக் நிபுணருக்குக் கையைப் போல வாயும் ஓட வேண்டும் அல்லவா? தனியாக நிகழ்ச்சி நடத்தினால் எடுபடவில்லை. அதனால் திரைக்குப் பின்னாலேயே காலம் ஓடியது.

அந்த நேரத்தில்தான் ஃபூ வந்தார். 'எங்கள் கிண்ண வித்தையைச் செய்து காட்டுபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு' என்று ஃபூவின் தரப்பில் அறிவித்தார்கள். ராபின்சன் மூளையைக் கசக்கி அந்த வித்தையின் வழியைக் கண்டுபிடித்தார். 'நான் தயார்' என்று முன்வந்தார். ஆனால் அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

இதில் ஃபூவின் பக்கம் தவறு இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். சவால் விட்டால், வந்தவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ராபின்சனின் மனதில் அது முள்ளாகத் தைத்தது.

பாரிஸில் பிறந்த 'சீனர்'

1900-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற அரங்கு ஒன்றுக்குச் சீன மேஜிக் நிபுணர் தேவைப்பட்டார். ஃபூவைப் போலவே வித்தை செய்யத் தெரிந்தவர் வேண்டும். ராபின்சனுக்கு அழைப்பு வந்தது. அவர் தயங்கவில்லை. தலையின் முன்பக்கத்தை மழித்துக்கொண்டார். நீண்ட சடை வைத்துக்கொண்டார். முகத்தில் சாயம் பூசினார். பட்டு அங்கி அணிந்தார். சிறிது காலத்தில் லண்டனுக்கு வந்தபோது அவர் பெயர் சுங் லிங் சூ!

சிங் லிங் ஃபூ, சுங் லிங் சூ! வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைத்தெருவில் பெயர்பெற்ற சோப்பைப் போலவே, ஓரெழுத்து மட்டும் மாற்றி இன்னொரு சோப்பு விற்பார்களே, அதே கதைதான்!

சூவின் மனைவியும் வேடம் போட்டார். அவர் பெயர் ஆலிவ். மிகவும் குள்ளமானவர் என்பதால் எல்லோரும் 'டாட்' என்று கூப்பிடுவார்கள். டாட் என்றால் புள்ளி! அந்தப் புள்ளி அம்மாவும் 'சுவீ சீன்' என்ற சீனப் பெண்ணாக மேடையில் வந்தார்.

சூவின் பழைய குறை இப்போது குறையாகவே தெரியவில்லை. ஏனென்றால் 'சீனர்' ஆங்கிலம் பேச வேண்டியதில்லை அல்லவா? மேடையில் ஒரு வார்த்தையும் பேசாமல், புன்னகையோடு குனிந்து வணங்கினார். அந்த மௌனமே அவருக்கு அழகாகிவிட்டது. பார்வையாளர்களின் தலைக்கு மேலே தூண்டிலை வீசுவார். காற்றிலிருந்து உயிருள்ள தங்கமீனைப் பிடிப்பார். அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் நீந்தும்! லண்டன் மக்களுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. அவர் திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அவர் மேடையோடு நிறுத்தவில்லை. பத்திரிகை நிருபர்கள் வந்தால், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வார். நிருபர் ஆங்கிலத்தில் கேட்பார். சூ, சீன மொழி போல எதையோ முணுமுணுப்பார். மொழிபெயர்ப்பாளர் அதை 'ஆங்கிலத்தில்' சொல்லுவார். சிரிப்பு என்னவென்றால், அந்த மொழிபெயர்ப்பாளரும் சீனர் அல்ல. கமேடாரோ என்ற ஜப்பான்காரர்!

லண்டனில் நேருக்கு நேர்

1905-ஆம் ஆண்டின் தொடக்கம். அசல் ஃபூ லண்டனுக்கு வந்து எம்பயர் அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். அதே நேரத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்த ஹிப்போட்ரோம் அரங்கில் நகல் சூவின் நிகழ்ச்சி! தன் பெயரைப் போலவே பெயர். தன் உடையைப் போலவே உடை. தன் வித்தையைப் போலவே வித்தை. ஃபூவுக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஃபூ பத்திரிகையில் சவால் விட்டார். 'அவர் சீனரே அல்ல. என்னுடைய இருபது வித்தைகளில் பத்தையாவது அவர் செய்து காட்டட்டும். அவருடைய வித்தைகளில் ஒன்றையாவது நான் செய்யத் தவறினாலும் ஆயிரம் பவுன் தருகிறேன்' என்றார். சூ ஒப்புக்கொண்டார். ஜனவரி 7-ஆம் தேதி, ஒரு வாரப் பத்திரிகையின் அலுவலகத்தில் இருவரும் சந்திப்பது என்று முடிவானது.

அன்று காலை சூ வந்தார். நிருபர்கள் முன்னால் வித்தைகள் செய்து காட்டினார். ஃபூ வரவில்லை!

ஃபூவின் பக்கத்திலிருந்து வந்த பதில் இதுதான்: 'முதலில் சீனத் தூதரகத்தாரின் முன்னிலையில் அவர் தன்னைச் சீனர் என்று நிரூபிக்கட்டும். அப்புறம் போட்டியைப் பார்க்கலாம்.' கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. 'சூ வந்தார், ஃபூ வரவில்லை. சூதான் வென்றார்' என்று பேச்சு பரவிவிட்டது. சில வாரங்களில் ஃபூவின் நிகழ்ச்சிகள் முடிந்தன. சூவின் புகழ் இன்னும் உயர்ந்தது.

ஒரு விஷயம் தெரியுமா? சூ அமெரிக்கர் என்பது மற்ற மேஜிக் நிபுணர்கள் பலருக்குத் தெரியும். தொழில் ரகசியம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அசலானவர் தன்னை அசல் என்று நிரூபிக்க முடியாமல் தனியாக நின்றார்.

லண்டன் மக்கள் ஏன் நகலை நம்பினார்கள்? 'சீனர் என்றால் இப்படித்தான் இருப்பார்' என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருந்தது. சூ அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது போல இருந்தார். ஃபூ தன்னைப் போல இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவில் தங்கவே ஃபூ போராட வேண்டியிருந்தது என்றேனே. சீனராகப் பிறந்தால் தொல்லை. சீனராக வேடம் போட்டால் கைதட்டல்! இது எப்படி நியாயமாகும்?

நானும் ஒருமுறை ஏமாந்தேன்

லண்டன் மக்களை நாம் சுலபமாகக் குறை சொல்லிவிடலாம். ஆனால் நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஏழாம் வகுப்பில் 'மழைநாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். இரண்டு நோட்டுகளில் ஒரே கட்டுரை வரிக்கு வரி இருந்தது. ஒன்றில் முத்து முத்தான கையெழுத்து. மற்றொன்றில் கோழி கிறுக்கியது போலக் கையெழுத்து, ஏகப்பட்ட அடித்தல் திருத்தல். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கிறுக்கல் நோட்டுக்காரனை எழுப்பி, 'பார்த்து எழுதினாயா?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதிலே சொல்லவில்லை.

அன்று இரவு கட்டுரையை மறுபடி படித்தேன். 'ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டும் இடங்களில் அம்மா பாத்திரங்களை வைத்தார். ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு சத்தம் போட்டது' என்று அதில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. முத்துக் கையெழுத்துப் பையன் இருந்தது மாடி வீடு. ஓட்டு வீடு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். ஆனாலும் முதல் நாள் அவன் தலை குனிந்து நின்றது இன்றும் என் கண் முன்னே நிற்கிறது. பளபளப்பாக இருப்பதுதான் அசல் என்று நினைத்தேனே, அதுதான் என் தவறு. அடித்தல் திருத்தல் இருந்ததே, அதுதான் அவன் சொந்தமாக யோசித்ததற்கு அடையாளம்!

தட்டில் விழுந்த தோட்டா

சூவின் கதைக்கு வருவோம். அவருடைய வித்தைகளில் மிகவும் ஆபத்தானது துப்பாக்கி வித்தை. பார்வையாளர்கள் இரண்டு தோட்டாக்களில் அடையாளம் இடுவார்கள். அவற்றைப் போட்டு இரண்டு பேர் சூவைக் குறி பார்த்துச் சுடுவார்கள். சூ ஒரு பீங்கான் தட்டை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். 'டமால்!' புகை விலகும். தட்டில் இரண்டு தோட்டாக்கள் கிடக்கும். அடையாளமும் சரியாக இருக்கும்!

எப்படி? அடையாளம் இட்ட தோட்டாக்களைக் கைமாற்றும்போதே ரகசியமாக வேறு தோட்டாக்கள் இடம் மாறிவிடும். அடையாளம் இட்டவை சூவின் கைக்கு வந்துவிடும். துப்பாக்கியிலும் ஒரு தந்திரம் இருந்தது. அந்தக் காலத் துப்பாக்கியில் வெடிமருந்தையும் தோட்டாவையும் குழாயின் வாய்வழியே போட்டு, ஒரு கம்பியால் இடித்து இறுக்குவார்கள். பிறகு அந்தக் கம்பியைக் குழாய்க்குக் கீழே இருக்கும் இன்னொரு சிறு குழாயில் செருகி வைப்பார்கள். சூவின் துப்பாக்கியில், விசையை அழுத்தினால் அந்தக் கீழ்க் குழாயில் இருக்கும் வெறும் மருந்துதான் வெடிக்கும். தோட்டா இருக்கும் மேல் குழாய்க்கு நெருப்புப் போகாது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேல் குழாயில் இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். சூ அதற்காகத் துப்பாக்கியின் அடிப்பக்க மரையைக் கழற்றி மாட்டுவார். பாட்டில் மூடியைத் திரும்பத் திரும்பத் திருகினால் மரை தேய்ந்துபோகும் அல்லவா? அதே போலத் துப்பாக்கியின் மரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டானது. அதன் வழியே மிக நுண்ணிய வெடிமருந்துத் தூள் கசிந்தது.

1918 மார்ச் 23. லண்டனின் வடபகுதியில் உள்ள வுட் கிரீன் எம்பயர் அரங்கு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சூ வழக்கம் போலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். துப்பாக்கிகள் வெடித்தன. அவற்றில் ஒன்றில், கசிந்த மருந்து வழியே நெருப்பு மேல் குழாய்க்குப் போய்விட்டது. உண்மையான தோட்டா பாய்ந்து வந்தது. சூ தடுமாறி விழுந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. பதினெட்டு ஆண்டுகளாக மேடையில் ஆங்கிலமே பேசாத அந்த மனிதர், 'ஏதோ நடந்துவிட்டது, திரையை இறக்குங்கள்' என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்! அந்த மேடையில் அவர் தம் சொந்தக் குரலில் பேசியது அது ஒன்றுதான்.

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் அவர் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 56. விசாரணையின்போது அவர் மனைவி டாட், யாரிடமும் சொல்லாத அந்த வித்தையின் ரகசியத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியதாயிற்று. துப்பாக்கி நிபுணர் ஒருவர் கருவியைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்த மரையைக் கண்டுபிடித்தார். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, விபத்துதான் என்று தீர்ப்பானது. தாங்கள் இவ்வளவு காலம் ரசித்த 'சீனர்' அமெரிக்கர் என்பது மக்கள் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை! சூவுக்கு முன்பும் இதே வித்தையில் உயிரை விட்டவர்கள் உண்டு. நெருப்பு, வெடி, கத்தி, தண்ணீர்த் தொட்டி இவற்றை வைத்துச் செய்யும் எந்த வித்தையையும் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

அசல் ஃபூ என்ன ஆனார்? லண்டனில் தோற்றுவிட்டோம் என்று அவர் வித்தையை விட்டுவிடவில்லை. 1912-இல் மீண்டும் அமெரிக்காவுக்குச் சென்று நிகழ்ச்சிகள் நடத்தினார். 1922-இல் காலமானார். தம் சொந்த நாட்டு வித்தைகளைத் தம் சொந்த முகத்தோடு செய்து காட்டினார். கிழக்கு நாடுகளிலிருந்து சென்று உலகப் புகழ் பெற்ற முதல் மேடைக் கலைஞர்களில் ஒருவர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

சூ கெட்டவரா?

இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் உடனே, 'அப்படியென்றால் சூ கெட்டவரா?' என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் உழைப்பாளி. மிகப் பெரிய திறமைசாலி. அவருக்குக் கொடுக்க வேண்டிய வாய்ப்பை ஃபூவின் தரப்பும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் அவர் எடுத்துக்கொண்டது வித்தையை மட்டும் அல்ல. இன்னொருவரின் பெயரை, முகத்தை, நாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அதனால் உண்மையான சீனருக்குப் 'போட்டிக்கு வராதவர்' என்று கெட்ட பெயர். சூவுக்கும் நிம்மதி இல்லை. தம் மொழியில், தம் பெயரில், தம் ரசிகர்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இவ்வளவு கைதட்டலும் வில்லியம் ராபின்சனுக்குக் கிடைத்ததா? இல்லை. அவ்வளவும் சுங் லிங் சூ என்ற வேடத்துக்குத்தான் கிடைத்தது.

பிறரிடமிருந்து கற்றுக்கொள்வது தவறே அல்ல. எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறோம். கற்றுக்கொண்டதை, 'இதை எனக்கு இவர் கற்றுக் கொடுத்தார்', 'இதை அவரைப் பார்த்துச் செய்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும். உங்கள் மதிப்பு குறையாது, கூடும்.

அடுத்த முறை நண்பர்களுக்கு நாணய வித்தை காட்டும்போது, நாணயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுத்தவரின் பெயரை மட்டும் மறைக்காதீர்கள். யாராவது கிறுக்கல் கையெழுத்தில் அழகான கட்டுரை எழுதினால், சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பாருங்கள். அசல் அங்கே இருக்கக்கூடும்!